அக்கா கப்பல்களின் இரும்பு

டெக்சஸில் சுகர் லேண்ட் என்ற ஊரில் ஒரு புதுமனை புகுவிழா. பிரியாணித் தட்டோடு ஓரமாக உட்கார்ந்திருந்தேன். பக்கத்து நாற்காலியில் வந்து அமர்ந்த இளைஞர் என்ன வேலை என்ற வழக்கமான விசாரணையைத் தொடங்கினார்.

"அங்கிள், நீங்க ஆயிலா, ஹாஸ்பிட்டலா?"

"ரெண்டும் இல்ல தம்பி. கப்பலுக்கு எடை பார்த்துட்டு இருந்தேன். போன வருஷம் ரிட்டயர் ஆயிட்டேன்."

"ஓ, ஷிப்பிங்! லாஜிஸ்டிக்ஸ் சைடா?"

"இல்லப்பா, கப்பலுக்கே எடை. மொத்த வெயிட் எவ்வளவு, அந்த வெயிட் எந்த உயரத்துல உட்கார்ந்திருக்குன்னு பார்க்கணும். அதான் வேலை."

அவர் என் வயிற்றை ஒருமுறை பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். "ஸாரி அங்கிள், ஜோக் பண்றீங்களா, சீரியஸா சொல்றீங்களான்னு தெரியல."

இது எனக்கு வாழ்நாள் முழுக்க இருந்த பிரச்சினை. எதிரே இருந்த என் மனைவி மேரி உதவிக்கு வந்தாள். "இவர் சீரியஸா சொன்னாத்தான் தம்பி சிரிப்பு வரும். ஜோக் சொன்னா ஒருத்தருக்கும் வராது."

அந்த இளைஞர்தான் எங்கள் தமிழ்ச் சங்கத்தின் இந்த ஆண்டு மலருக்கு ஆசிரியர் என்பது தயிர் சாதத்துக்கு வந்தபோதுதான் தெரிந்தது. "எழுதிக் குடுங்க அங்கிள்" என்றார். மாட்டிக்கொண்டேன்.

முன்கதையைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். நான் திண்டுக்கல்காரன். பூட்டுக்கும் தோலுக்கும் பேர்போன ஊர்; கப்பலுக்கு அங்கே வேலையே கிடையாது. கப்பல் வடிவமைப்புப் படிப்பில் சேர்ந்ததற்குக் காரணம், அதில் இடம் காலியாக இருந்தது. நியூ ஜெர்சியில் முதல் வேலை. எடிசனில் மூன்று கம்ப்யூட்டர்காரர்களோடு ஒரே அபார்ட்மென்டில் தங்கி, அவர்கள் மன்ஹாட்டனுக்கு ரயில் ஏற, நான் ஹட்சன் ஆற்றங்கரை அலுவலகத்தில் உட்கார்ந்து எண்ணெய்த் தொட்டிகளின் கொள்ளளவைக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். பிறகு மேற்குக் கரையில், பே ஏரியாவில் ஒரு கப்பல் பழுதுபார்க்கும் தளம். வரைபடத்தில் இருக்கும் கப்பலும் தண்ணீரில் இருக்கும் கப்பலும் ஒன்றுவிட்ட உறவுகூட இல்லை என்பதை அங்கே தவழ்ந்து தவழ்ந்து கற்றுக்கொண்டேன். அரசாங்கக் கப்பல்களைத் தொட கிரீன் கார்டு போதாது, குடியுரிமை வேண்டும். அது கையில் வந்ததும் டெக்சஸுக்கு வந்தேன். இங்கேதான் மிஸ் லொரேனிடம் வேலைக்குச் சேர்ந்தேன்.

மிஸ் லொரேன் கால்வெஸ்டனில் பிறந்து வளர்ந்த கறுப்பினப் பெண்மணி. அமெரிக்காவின் தெற்கே மரியாதைக்குரிய பெண்களைப் பெயருக்கு முன்னால் மிஸ் போட்டுத்தான் கூப்பிடுவார்கள். இவரை மேலதிகாரிகளும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். டெக்சஸ் வெயிலிலும் ஒரு நீலக் கம்பளிச் சட்டை. குரல் ஒருபோதும் உயராது. குரலைத் தாழ்த்தினால்தான் பயம். எத்தனை கப்பல்களுக்கு எடை பார்த்திருக்கிறார் என்று கேட்டால், "கவிழாத அத்தனைக்கும்" என்பார். கவிழ்ந்தது எதுவும் கிடையாது. எனக்கு அவரிடம் இருந்த ஒரே குறை, என் நகைச்சுவைக்கு அவர் சிரித்ததே இல்லை. நான் சொல்லி முடிக்கும்வரை பொறுமையாகக் காத்திருப்பார். முடித்ததும் விட்ட இடத்திலிருந்து வேலையைத் தொடர்வார்.

கப்பலுக்கு எப்படி எடை பார்ப்பது? தராசில் தூக்கி வைக்க முடியாது. எவ்வளவு ஆழம் மூழ்கியிருக்கிறது என்று பார்த்தால் மொத்த எடை தெரிந்துவிடும். அந்த எடை எந்த உயரத்தில் இருக்கிறது என்பதுதான் உயிர் போகிற கேள்வி. கப்பலும் நம்மைப்போல வயதானால் சதை போடும். பெயின்ட் மேல் பெயின்ட், அறுத்துவிட்டு அப்படியே விட்ட பழைய கேபிள், புது ஃப்ரிட்ஜ், மாலுமிகளின் உடற்பயிற்சிச் சாமான், உச்சியில் புதிதாக ஒரு ரேடார். எடை மேலே ஏற ஏற, கப்பல் சாய்ந்தால் நிமிர்வதற்கு யோசிக்கும். ஒருநாள் யோசித்துக்கொண்டே இருந்துவிடும்.

அதனால் ஒரு சோதனை. காற்று எழும்பாத விடியற்காலையில் கப்பலைக் கட்டிய கயிறுகளைத் தளர்த்திவிட வேண்டும். மேல்தளத்தில் எடை தெரிந்த கான்கிரீட் கட்டிகள் இருக்கும். கிரேன் அவற்றை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குத் தூக்கி வைக்கும். கப்பல் கண்ணுக்குத் தெரியாத அளவு சாயும். உள்ளே, மேல்தளத்துக் கூரையிலிருந்து அடித்தளம்வரை மெல்லிய கம்பி ஒன்று தொங்கும். அதன் நுனியில் ஒரு குண்டு. அது ஆடி அடங்குவதற்காக எண்ணெய்த் தொட்டியில் அமிழ்ந்திருக்கும். கம்பி எவ்வளவு நகர்ந்தது என்று குறுக்கே வைத்த மரச்சட்டத்தில் பென்சிலால் குறிக்க வேண்டும். கம்பி அதிகம் நகர்ந்தால் எடை மேலே இருக்கிறது என்று அர்த்தம். குறித்த புள்ளிகளைக் காகிதத்தில் போட்டால் நேர்கோடு வர வேண்டும்.

அந்த நேரத்தில் கப்பலில் ஒருவரும் நகரக்கூடாது. மாலுமிகளிடம் நகராதே என்று சொன்னால் நடக்குமா? மிஸ் லொரேன் கைப்பையிலிருந்து ஆளுக்கு ஒரு பெப்பர்மின்ட் மிட்டாய் கொடுப்பார். "வாய்க்குள்ள இது கரையறவரைக்கும் நீ ஒரு தூண். கடிச்சா எனக்குத் தெரியும்." ஆறடி உயரத்துக் காளைகள் மிட்டாயை வாயில் ஒதுக்கிக்கொண்டு, மாதா கோயிலில் நாக்கில் முதல் நன்மை அப்பம் வாங்கிய பிள்ளைகள்போல நிற்பார்கள். என்னிடம் மட்டும், "சாம், நீ சரியா நடுக்கோட்டுல நில். உன்னையும் கணக்குல சேர்த்திருக்கேன்" என்பார். சவரிமுத்து என்ற என் பெயர் அமெரிக்காவில் சாம் ஆகிவிட்டது. உடம்பு அந்த அளவுக்குச் சுருங்கவில்லை.

இனி அந்தக் கப்பல். கடலோரக் காவல் கப்பல். வெள்ளை உடம்பு, முன்புறம் சாய்வாகச் சிவப்புப் பட்டை. பெயர் வேண்டாம், டாக்டர் நோயாளியின் பெயரைச் சொல்வதில்லை அல்லவா? வயதில் எனக்குத் தங்கை. அவள் பிடித்த போதைப் படகுகளும், புயலில் கட்டி இழுத்துவந்த மீன்பிடிப் படகுகளும், தண்ணீரிலிருந்து தூக்கிய மனிதர்களும் சின்னச் சின்னச் சித்திரங்களாக மேல்தளச் சுவரில் வரையப்பட்டிருந்தன. அந்தச் சுவரைப் பார்த்தபடி நான் தொப்பியைக் கழற்றினேன். வழுக்கை வெயிலில் சுட்டதால் உடனே போட்டுக்கொண்டேன்.

பழுதுபார்த்து, புது ரேடார் ஏற்றி, எங்கள் கையெழுத்துக்காகத் துறையில் காத்திருந்தாள். அவளை எதிர்பார்த்து இன்னொரு கப்பல் கரீபியனில் சுற்றிக்கொண்டிருந்தது. இவள் போய்ச் சேர்ந்தால்தான் அந்த மாலுமிகள் வீடு திரும்ப முடியும். புயல் பருவம் வேறு.

எஞ்சின் பொறுப்பு அதிகாரி ஓர் இளம் லெப்டினன்ட். சட்டையில் தைத்திருந்த பெயர் பட்டைக்குள் அடங்காமல் திணறியது. ஆசை தாங்காமல் கேட்டேன்.

"தமிழாம்மா?"

"யெஸ் அங்கிள். ஐ'ம் நிவேதா. அம்மா நியூ ஜெர்சில, வெஸ்ட் வின்ட்சர்ல இருக்காங்க. ஐ அண்டர்ஸ்டாண்ட் எவ்ரிதிங், ஸோ தமிழ்ல காஸிப் பண்ணாதீங்க."

பக்கத்தில் நின்ற எஞ்சின் அறைத் தலைவர், சீஃப் என்று எல்லோரும் கூப்பிடும் பெரிய மீசைக்காரர், என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இவர் உங்க மாமாவா, லெப்டினன்ட்?"

"நோ, சீஃப். ஹி'ஸ் எவ்ரிபடி'ஸ் அங்கிள்."

அன்று மதியத்துக்குள் கப்பல் முழுவதும் என்னை அங்கிள் என்று கூப்பிடத் தொடங்கிவிட்டது. என்னைவிட மூத்த சமையல்காரர் உட்பட.

முதல் சோதனை பிரமாதமாக நடந்தது. காற்று இல்லை. மிட்டாய் கரைந்தது. புள்ளிகள் நூல் பிடித்ததுபோல நேர்கோட்டில் விழுந்தன. கணக்கைப் பார்த்தால், நாங்கள் பயந்ததற்கு மாறாக அவள் வாலிபப் பருவத்துக்குத் திரும்பியிருந்தாள். நான் நிவேதாவிடம் கட்டைவிரலை உயர்த்தினேன். அவள் கப்பலின் சுவரைக் கையால் தட்டிக்கொடுத்தாள், குதிரையைத் தட்டுவதுபோல.

மிஸ் லொரேன் இறங்கித் துறைக்குப் போனார். கப்பலின் ஓரத்தில் குனிந்து நின்றார்.

"சாம், கொஞ்சம் இங்க வா." ஆங்கிலத்தில்தான் சொன்னார், அவர் குரல் எனக்குள் தமிழிலேயே பதிந்திருக்கிறது. "இதைப் பாரு."

பல வாரம் ஒரே இடத்தில் நின்ற கப்பலைச் சுற்றித் தண்ணீர் தொடும் இடத்தில் பச்சையாகப் பாசி பிடித்துவிடும். அந்தப் பாசிக் கோடு இப்போது தண்ணீருக்கு மேலே, இரண்டு விரல் அகலம் உயரத்தில் இருந்தது.

"எண்ணெய், தண்ணீர் கூடக் குறைய இருக்கும் மேடம்."

"அதெல்லாம் கழிச்சாச்சு. இந்தப் பொண்ணு ஒரே ராத்திரியில ஒரு லாரி லோடு இளைச்சிருக்கா. எனக்கும் அந்த டயட் வேணும்."

அவர் துறையின் கோடிவரை நடந்தார். அங்கே கொட்டகைக்குப் பின்னால் நீலத் தார்ப்பாய் போர்த்திய ஒரு குன்று. குன்றின் மேல் சீஃப் உட்கார்ந்து சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தார்.

"சீஃப், உங்களுக்குக் கீழ என்ன?"

"லஞ்ச், மேடம்."

"நான் கேட்டது தார்ப்பாய்க்குக் கீழ."

சீஃப் மீசையைத் துடைத்துக்கொண்டு இறங்கினார். தார்ப்பாயை விலக்கினால் உள்ளே இரும்புக் கோயில். சிலிண்டர் மூடிகள், பம்புகள், வால்வுகள், பற்சக்கரங்கள், ஒரு மின்மோட்டாரின் நடுத்தண்டு. எல்லாம் கிரீஸ் தடவி, துடைத்து, குழந்தையைப்போலச் சுற்றி வைத்தவை. ஒவ்வொன்றின் மேலும் வெள்ளைப் பெயின்டில் ஒரு கப்பலின் பெயர்.

நிவேதா ஓடிவந்தாள். மூச்சு வாங்க அவள் சொன்னதைச் சுருக்கினால் இதுதான். அந்த வகையைச் சேர்ந்த கப்பல்களுக்கு உதிரி பாகங்கள் இப்போது யாரும் செய்வதில்லை. ஆகவே அதே வகையில் மூத்த ஓர் அக்கா கப்பல் ஓய்வு பெறும்போது, இவர்கள் முறையாக அனுமதி வாங்கி, ஸ்பானரோடு போய், வேண்டியதைக் கழற்றி வருவார்கள். எந்த அக்காவுடையதோ அவள் பெயரை அதில் எழுதுவார்கள். வருடக்கணக்காகச் சேர்ந்த சீதனம். பட்டறை, நடைவழி, மேல்தளத்து அறைகள் எங்கும் அடுக்கியிருந்தார்கள்.

"பின்ன ஏம்மா இறக்கினீங்க?"

"அங்கிள், உங்க ஆபீஸ் இன்ஸ்ட்ரக்‌ஷன்ஸ்! கப்பலைச் சேராத பொருள் எல்லாத்தையும் இறக்கி வைங்கன்னு இருந்துச்சு. டெக்னிக்கலி, இதெல்லாம் எங்க கப்பலோடது இல்ல. எல்லாத்துலயும் வேற பேர் இருக்கே!"

டாக்டர் எடை பார்க்கும்போது செருப்பு, பர்ஸ், சாவிக்கொத்து எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டு மேடையில் ஏறுகிறவன் நான். எனக்கு அவர்களைக் கோபிக்கத் தகுதியில்லை.

"திரும்பக் கடலுக்குப் போகும்போது இதெல்லாம் ஏறுமா?" என்று மிஸ் லொரேன் கேட்டார்.

"கண்டிப்பா, மேடம்" என்றார் சீஃப்.

"அப்ப நான் இன்னிக்கு எடை பார்த்தது வேற கப்பலை. எல்லாத்தையும் எங்க இருந்ததோ அங்கயே வையுங்க. மறுபடி பார்க்கலாம்."

இரண்டாவது சோதனையில் கம்பி எங்கே நிற்க வேண்டுமோ அங்கே நிற்கவில்லை. எண்ணெய்க்குள் குண்டு மெதுவாக நகர்ந்தது. நான் பென்சிலோடு காத்திருந்தேன். அது இன்னும் நகர்ந்தது. மரச்சட்டத்தில் நான் முன்பே போட்டிருந்த எல்லைக் குறியைத் தாண்டி, ஒன்றும் நடக்காததுபோல நின்றது. நிவேதா என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள்.

"ஹவ் பேட், அங்கிள்?"

நான் எதையாவது சொல்லிச் சிரிக்கவைக்கப் பார்த்தேன். வாயில் இருந்த மிட்டாய் காப்பாற்றியது. பேச முடியவில்லை.

"இந்த நிலையில நான் கையெழுத்துப் போட மாட்டேன்" என்றார் மிஸ் லொரேன். குரல் மிகவும் தாழ்ந்திருந்தது.

சமையலறை மேசையைச் சுற்றி நாங்கள் நான்கு பேரும் உட்கார்ந்தோம். கப்பல் காபியைக் குடிக்க ஒரு தைரியம் வேண்டும். அன்று யாருக்கும் அது இல்லை.

"அந்த இரும்பைக் கரையில விட்டுட்டுப் போனா முதல் கணக்கு செல்லும்" என்றேன்.

சீஃப் என்னைப் பார்த்த பார்வையில் அங்கிள் உறவு அறுந்தது. "போகலாம். நடுக்கடல்ல பம்பு நின்னா, மத்தவங்களைக் காப்பாத்தப் போற கப்பலை யாரு வந்து காப்பாத்துறது?"

நிவேதா மேசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "போகலைன்னா லே-அப் பண்ணி ஓரங்கட்டிடுவாங்க அங்கிள். தென் தே'ல் பார்ட் ஹர் அவுட். ஸ்பானர் எடுத்துட்டு வேற யாராவது வருவாங்க. இவ பேரையும் எழுதி எடுத்துட்டுப் போவாங்க."

எங்கே அமைதி விழுந்தாலும் அதில் ஒரு ஜோக்கைப் போட்டு நிரப்புகிற வியாதி எனக்கு. வாய் திறந்துவிட்டது.

"என் பெண்டாட்டி அவங்க வீட்டு நகையெல்லாம் டிரங்க்குப் பெட்டியில போட்டு, அது மேலயே உட்கார்ந்துக்குவா. நாமளும் இந்த அக்காமாரையெல்லாம் கப்பலுக்கு அடியில போட்டு, மேல இவளை உட்கார வெச்சுட வேண்டியதுதான்."

மிஸ் லொரேன் வழக்கம்போல நான் முடிக்கும்வரை காத்திருந்தார். ஆனால் இந்த முறை விட்ட இடத்திலிருந்து தொடரவில்லை.

"திரும்பச் சொல்லு."

"மேடம், அது ஜோக்கு."

"தெரியும். சிரிப்பு வரல. திரும்பச் சொல்லு."

கப்பலின் அடிவயிற்றில் அவளைக் கட்டியவர்கள் அடுக்கிய ஈயக்கட்டிகள் இருந்தன. கனம் கீழே இருப்பதற்காகப் போட்ட வெறும் பாரம். அதில் ஒரு பகுதியை வெளியே எடுத்துவிட்டு, அந்த எடைக்கு அக்கா கப்பல்களின் இரும்பை அங்கே இறக்கினால்? மொத்த எடை கூடாது. மேலே இருந்த பாரம் கீழே போய்விடும். உதிரி பாகமும் கூடவே வரும்.

சீஃப் உடனே எதிர்த்தார். "அலை அடிக்கும்போது நான் அடியில தவழ்ந்து போய் வால்வு தேடணுமா?"

"அடிக்கடி வேண்டியது மேலயே இருக்கட்டும்" என்றாள் நிவேதா. அவள் குரலில் உயிர் வந்திருந்தது. "பெரிய பீஸ் மட்டும் கீழ. சீஃப், அந்தச் சிலிண்டர் ஹெட்டைக் கடைசியா எப்ப யூஸ் பண்ணீங்க?"

சீஃப் மீசையை முறுக்கினார். அது சம்மதம் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

அவர் ஒரு நிபந்தனை வைத்தார். எழுதிய பெயர் எல்லாவற்றிலும் மேலே பார்த்தபடி இருக்க வேண்டும். தேடுவதற்கு வசதி என்றார். யாரும் நம்பவில்லை, யாரும் மறுக்கவும் இல்லை.

மேலிடத்து அனுமதி வாங்குவதுதான் இரும்பைவிடக் கனமாக இருந்தது. அதையும் மிஸ் லொரேன் தாழ்ந்த குரலிலேயே வாங்கினார். பிறகு வேலை. ஒவ்வொரு துண்டாக எடை போட்டு, புதிதாகக் கிரீஸ் தடவி, அடியில் இரும்புச் சட்டம் பற்றவைத்து, அசையாதபடி முடுக்கினார்கள். மாலுமிகள் வரிசையாக நின்று கைமாற்றி இறக்கினார்கள். கையில் வாங்கும் ஒவ்வொருவனும் அதில் இருந்த கப்பலின் பெயரை வாய்விட்டுச் சொல்லிக் கீழே கொடுத்தான். அந்தக் கப்பல்களில் பலவற்றை அவர்கள் கண்ணால் பார்த்ததுகூடக் கிடையாது. எங்கள் ஊர் மாதா கோயிலில் புனிதர்களின் பெயர்களை வரிசையாகச் சொல்லும் மன்றாட்டு எனக்கு நினைவு வந்தது. நானும் ஒரு வால்வைத் தூக்கி உதவப் போனேன். இடுப்பு பிடித்துக்கொண்டது, என்னையும் கைமாற்றித்தான் மேலே கொண்டுவந்தார்கள்.

மூன்றாவது சோதனை. மிஸ் லொரேன் மிட்டாய் கொடுத்தார். கிரேன் கட்டியைத் தூக்கி மறுபக்கம் வைத்தது. கம்பி நகர்ந்தது. எனக்கு மூச்சு விடவே பயம். என் மூச்சும் கணக்கில் சேர்ந்துவிடுமோ என்று. கம்பி எல்லைக் குறிக்கு வெகுமுன்னாலேயே நின்றது. எதிர்ப்பக்கமும் அப்படியே. புள்ளிகள் நேர்கோட்டில் விழுந்தன.

மிஸ் லொரேன் துறைக்குப் போய்ப் பாசிக் கோட்டைப் பார்த்தார். வெளியே எடுத்த ஈயத்தின் கணக்குக்குச் சரியாக அது தண்ணீருக்கு மேலே நின்றது. திரும்பி வந்து கையெழுத்துப் போட்டார்.

நிவேதாவின் அம்மா அந்த நேரம் பார்த்து வீடியோவில் கூப்பிட்டார். "ஏன்டி அழற? யாரு திட்டினா?"

"நோபடி, அம்மா. எடை பாஸ் ஆயிடுச்சு."

"உன் எடையா? சாப்பிடறியா இல்லையா நீ?"

நிவேதா கப்பலேறிப் போனபின் எங்கள் அலுவலகத்தில் தினமும் வானிலை அறிக்கை பார்த்தோம். நான் வெளிப்படையாகப் பார்த்தேன். மிஸ் லொரேன் நான் பார்க்காதபோது பார்த்தார். ஒரு பெரிய புயல் வளைகுடாவுக்குள் திரும்பியது. அவள் கப்பல் ஓர் இழுவைப் படகின் ஆட்களை மீட்க அதை நோக்கிப் போயிருக்கிறது என்று தெரிந்தது. பிறகு செய்தி இல்லை. கையெழுத்து எங்களுடையது. நான் ஜோக் அடிப்பதை நிறுத்தினேன். அலுவலகத்தில் எல்லோரும் எனக்கு உடம்பு சரியில்லை என்று நினைத்தார்கள். காகிதத்தில் நேர்கோடு போடுவது சுலபம். கடல் அந்தக் காகிதத்தைப் படித்திருக்காதே.

பிறகு ஒரு காலையில் என் போனில் குரல் பதிவு ஒன்று வந்து சேர்ந்தது. மிஸ் லொரேனின் அறைக்கு ஓடி, மேசையில் வைத்து, ஒலியைக் கூட்டினேன்.

"ஹாய் அங்கிள், நிவேதா. வி காட் தெம். ஆல் ஆஃப் தெம். பட் அங்கிள், ஒரு அலை... சைடுல வந்து அடிச்சுது. ஷி லே டவுன். தட்டு, சேர், ஆளுங்க, எல்லாம் ஒரே பக்கம். இட்ஸ் ஓவர்னு நினைச்சேன். அண்ட் ஷி ஜஸ்ட் ஸ்டுட் அப். யாரோ கீழ இருந்து இழுத்த மாதிரி."

கொஞ்சம் இரைச்சல். பின்னால் யாரோ வாந்தி எடுக்கும் சத்தம்.

"பட் எல்லாரும் உங்களைத் திட்றாங்க அங்கிள்."

அது நியாயம்தான். கனம் கீழே இருக்கும் கப்பல் சாய்ந்த வேகத்தில் வெடுக்கென்று நிமிரும். உயிருக்கு நல்லது, வயிற்றுக்கு ஆகாது. பழைய சோம்பல் ஆட்டத்துக்குப் பழகிய அத்தனை பேரும் படுத்த படுக்கையாகிவிட்டார்கள். பதிவின் பின்பகுதியில் அவர்கள் ஒவ்வொருவராகப் போனைப் பிடுங்கி என்னைத் திட்டியிருந்தார்கள். சமையல்காரர் திட்டினார். பெயர் தெரியாத பையன்கள் திட்டினார்கள். கடைசியில் சீஃப், மீட்டெடுத்த இழுவைப் படகுக்காரர்கள் பக்கத்தில் சிரிப்பது கேட்க, இந்த மலரில் அச்சிட முடியாத வார்த்தைகளில் என் பூர்வீகத்தையே விசாரித்தார்.

பதிவு முடிந்தது. மிஸ் லொரேன் கண்களை மூடி, நாற்காலியில் சாய்ந்திருந்தார்.

"திரும்பப் போடு, சாம். திட்டற இடத்திலிருந்து."

போட்டேன். ஒவ்வொரு குரலுக்கும் அவர் ஒரு விரலை மடக்கிக்கொண்டே வந்தார். கை போதாமல் மறுகைக்குப் போனார். சீஃபின் கடைசிக் கெட்டவார்த்தை முடிந்தபோது கண்ணைத் திறந்து, நான் பார்த்தேயிராத ஒரு சிரிப்பைச் சிரித்தார்.

"எல்லாரும் இருக்காங்க" என்றார்.